கூறியது கூறலும் செய்தது செய்தலும்: ஆங்கிலச் சொற்கள் சிலவும் அவற்றின் தமிழாக்கமும்

ஒன்றைத் திரும்பச் சொல்லுதல், திரும்பச் செய்தல் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் மிகப் பல. 'அகெய்ன்', 'ரிபீட்', 'இட்டரேட்', 'ரீஇட்டரேட்', 'ரீஸ்டேட்', 'ரீகபிட்டுலேட்', 'ரிஹர்ஸ்', 'ரெப்ளிகேட்' எனப் பட்டியல் நீளும். 'ரீ' என்னும் முன்னொட்டுப் பெற்று நாள்தோறும் புதிதாகத் தோன்றும் வினைகளையும் இவற்றோடு சேர்த்தால் எண்ணி முடியாது. தமிழில் இவற்றைப் பெயர்ப்போர் பெரும்பாலும் 'திரும்பக் கூறு', 'மீண்டும் செய்' என்னும் இரு தொடர்களையோ, 'மறு', 'மீள்' என்னும் இரு முன்னொட்டுகளையோ கைக்கு வந்தபடி எடுத்து வைத்து அமைகின்றனர். சொல் வளம் மிக்க மொழியில் இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். இச்சொற்களில் திரும்ப வருவது யாது என்பது சொல்லுக்குச் சொல் வேறுபடுகிறது. அவ்வேறுபாடு மறையும்போது சிற்சில இடங்களில் தமிழ்த் தொடர் நடவாத ஒன்றை நடந்ததாகக் கூறிவிடுகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லுதலும் செய்தலும் வேறு என்பதை ஆங்கிலேயர் உணர்ந்து பிரித்து வைத்துள்ள ஓரிடம் படைத்துறை வானொலி உரையாடலாகும். கேட்டது விளங்கவில்லையெனில் நாம் 'ரிபீட்' என்போம். படைவீரன் அவ்வாறு கூறக் கூடாது. 'சே அகெய்ன்' என்றே கூறவேண்டும். பீரங்கிப் படையில் 'ரிபீட்' என்பது முன்னர்ச் சுட்டதைப் போலவே மறுமுறையும் சுடுக என்னும் ஆணைச் சொல். ஒரு சொல்லில் கூறலும் செய்தலும் ஒருங்கே அடங்கியிருத்தல் அன்றாட வழக்கில் இடர் தராது. போர்க்களத்தில் அது குண்டாகிவிடும். ஆகவே ஒரு பொருளை முழுவதுமாக வேறு தொடருக்கு மாற்றிவிட்டனர்.

வானூர்தித் துறையின் பன்னாட்டுச் சொல்வழக்கும் இவ்வாறே நுணுக்கமானது. 'சே அகெய்ன்' என்றால் நீ சொன்னதை நீயே திரும்பச் சொல். 'ஐ சே அகெய்ன்' என்றால் நான் சொன்னதை நானே தெளிவுக்காகத் திரும்பச் சொல்கிறேன். 'ரீட் பேக்' என்றால் நான் சொன்னதை நீ கேட்டவாறே எனக்குச் சொல். 'வேர்ட்ஸ் ட்வைஸ்' என்றால் ஒவ்வொரு சொல்லையும் இருமுறை சொல். சொன்னவர் யார், திரும்பச் சொல்பவர் யார் என்பதே இங்கு வேறுபாட்டின் அடிப்படை. தமிழ்ப் பேச்சுவழக்கு இதனை ஈரெழுத்து வேறுபாட்டில் காட்டிவிடுகிறது. 'திரும்பச் சொல்' என்பது சொன்னவனையே மறுமுறை சொல்லப் பணிப்பது. 'திருப்பிச் சொல்' என்பது கேட்டவனைச் சொல்லப் பணிப்பது. பள்ளியில் ஆசிரியர் 'எங்கே, திருப்பிச் சொல்லுங்கள் பார்ப்போம்' என்று கூறுவது முற்றிலும் 'ரீட் பேக்' ஆகும். 'திருப்பி அடித்தான்', 'திரும்ப அடித்தான்' என்பவற்றையும் ஒப்பிட்டு நோக்குக. தன்வினை, பிறவினை வேறுபாடு இங்கு இத்துணைப் பயன் தருவதை அகராதி தொகுப்போர் போதிய அளவு பயன்கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

திருப்பிச் சொன்னதனால் மட்டும் பொருள் ஒன்றிவிடும் என்பதற்கும் உறுதி இல்லை. 1977ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் டெனரீஃப் தீவின் ஓடுதளத்தில் இரண்டு போயிங் 747 வானூர்திகள் மோதி 583 பேர் மாண்டனர். மோதலுக்குச் சற்று முன்னர் வானோடி கட்டுப்பாட்டாளரின் குறிப்பைத் திருப்பிச் சொன்னார். ஆயினும் இறுதியில் அவர் சேர்த்த, வழக்கில் இல்லாத ஒரு தொடரை இருவரும் இருவேறு பொருளில் கொண்டனர். சொல் திரும்பியது, பொருள் திரும்பவில்லை.

சொல், பொருள் என்னும் இப்பாகுபாடு தமிழ் அணியிலக்கணத்திற்குப் புதிதன்று. தண்டியலங்காரம் பின்வருநிலையணியைச் சொல் பின்வருநிலை, பொருள் பின்வருநிலை, சொற்பொருள் பின்வருநிலை என மூன்றாக வகுக்கிறது. முன்வந்த சொல்லே வேறு பொருளில் வருவது ஒன்று. முன்வந்த பொருளே வேறு சொல்லில் வருவது ஒன்று. இரண்டும் மாறாமல் வருவது ஒன்று. செய்யுளுக்கென வகுத்த இவ்வளவுகோலை ஆங்கில வினைகளின்மேல் வைத்துப் பார்த்தால் அவை வியப்புறும் வகையில் பிரிந்து நிற்கின்றன. 'ரிபீட்' என்பது சொற்பொருள் பின்வருநிலை. ஒருவர் கூறியதை 'ரிபீட்' செய்பவர் சொல்லை மாற்றினால் குற்றம். 'ரீஸ்டேட்' என்பது பொருள் பின்வருநிலை. இங்குச் சொல்லை மாற்றாதிருத்தலே குற்றம். 'ரீகபிட்டுலேட்' என்பதில் பொருள் முழுவதும் வருவதில்லை. தலைப்புகள் மட்டுமே வருகின்றன. இலத்தீனில் 'கபிட்டுலம்' என்பது நூலின் உட்தலைப்பு. தலைப்புகளை மறுமுறை தொட்டுச் செல்வதே இவ்வினையின் தொடக்கப் பொருள். ஆகவே இதனைத் 'தொகுத்துரை' என்பது பொருந்தும். 'திரும்பக் கூறு' என்பது பொருந்தாது.

எஞ்சி நிற்பது 'ரீஇட்டரேட்'. இச்சொல்லைப் பற்றி ஆங்கிலத்திலேயே ஒரு குறைகூறல் உண்டு. 'இட்டரேட்' என்பதே திரும்பச் சொல்லுதலாயின் அதன் முன் 'ரீ' எதற்கு, இது கூறியது கூறல் ஆகாதா என்பர். குறை கூறுவோர் வரலாற்றைத் தலைகீழாகக் கொள்கின்றனர். ஆங்கிலத்தில் 'ரீஇட்டரேட்' 15ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. 'இட்டரேட்' அதன் பின்னரே வந்தது. பிற்கால இலத்தீனிலேயே முன்னொட்டோடு கூடிய வடிவம் உண்டு. அங்கு 'ரீ' வலிமைப் பொருள் தந்து நின்றது. பொருள்வழக்கிலும் இரண்டும் ஒன்றல்ல. இன்று 'ரீஇட்டரேட்' பெரும்பாலும் கூறலுக்கே உரியது. அதிலும் வெறும் கூறலுக்கு வாராது. ஒருவர் தம் நிலைப்பாட்டையோ கோரிக்கையையோ அழுத்தம் குறையாமல் மறுமுறை முன்வைக்கும்போதே வரும். ஐக்கிய நாடுகள் பொது அவைத் தீர்மானங்களின் முகப்புரையில் 'ரீகாலிங்', 'ரீஅஃபர்மிங்', 'ரீஇட்டரேட்டிங்' என்னும் மூன்றும் தனித்தனியே வருகின்றன. முந்தைய ஆவணத்தை நினைவுகூர்தல் முதலாவது. அதன் கொள்கை இன்றும் நிற்கிறது என உறுதி கூறல் இரண்டாவது. முன்னர்க் கேட்டது இன்னும் நிறைவேறவில்லை, ஆகவே மறுபடியும் கேட்கிறோம் என்னும் குரல் மூன்றாவதில் ஒலிப்பதாகக் கொள்ள இடமுண்டு. நம் செய்தித்தாள்கள் இதற்கு 'மீண்டும் வலியுறுத்தினார்' என எழுதுவது நல்ல தமிழாக்கமே. அகராதியை நம்பாமல் செவியை நம்பியதனால் கிடைத்த சொல் அது.

'ரிபீட் அகெய்ன்' என்பதும் இவ்வாறே பிழைப் பட்டியலில் வைக்கப்படுவது. ஒருமுறை சொன்னதை இரண்டாம் முறை சொன்னால் 'ரிபீட்'. மூன்றாம் முறை சொன்னால் அந்த 'ரிபீட்' தானும் திரும்ப நிகழ்கிறது. அங்கு 'அகெய்ன்' வேண்டியதே. தொல்காப்பியர் மரபியலில் நூற்குற்றங்களை எண்ணும்போது கூறியது கூறலை முதலில் வைத்தார். அவரே எச்சவியலில் அடுக்கிற்கு இடமளித்து, இசைநிறைக்கு நான்கு, விரைவிற்கு மூன்று என வரம்பும் வகுத்தார். திரும்ப வருதல் குற்றமா, பயனுடையதா என்பதை எண்ணிக்கையும் இடமுமே முடிவு செய்யும் என்பது அவர் கருத்தாகலாம். ஆங்கிலமும் தன் போக்கில் 'அகெய்ன் அண்டு அகெய்ன்', 'ஓவர் அண்டு ஓவர்' என அடுக்கியே பன்முறைப் பொருளைத் தருகிறது.

இனி வேர்களைக் காண்போம். சொற்பிறப்பு இன்றைய பொருளைக் கட்டுப்படுத்தாது. எனினும் இவ்வகைச் சொற்களின் பொருட்பரப்பை அளக்க அது உதவுகிறது.

'ரிபீட்' என்பது இலத்தீன் 'ரெபெட்டரே' என்பதன் வழிவந்தது. 'பெட்டரே' என்றால் நாடுதல், வேண்டுதல். எனவே 'ரெபெட்டரே' திரும்ப நாடுதலும் ஆகும், கொடுத்ததைத் திரும்பக் கேட்டலும் ஆகும். உரோமானியச் சட்டத்தில் இப்பின்னைய பொருள் ஆழ வேரூன்றியது. மாகாண ஆளுநர்கள் மக்களிடம் பறித்த பொருளை மீட்டுத் தருவதற்கென கி.மு. 149இல் கல்பூர்னியச் சட்டம் அமைத்த நீதிமன்றம் இவ்வினையினடியாகப் பெயர் பெற்றது. இன்று வாய்பாடு ஒப்பிக்கும் மாணவனோடு தொடர்புறும் சொல், ஒரு காலத்தில் இழந்ததைக் கேட்கும் குடிமகனின் சொல்லாக இருந்தது.

'இட்டரேட்' என்பதன் அடி 'இட்டெரும்'. இதற்கு 'மறுமுறை' என்று பொருள். இதனோடு ஒரே மூலத்தினது வடமொழியின் 'இதர' என்பர். 'பிற' என்னும் பொருளில் தமிழிலும் வழங்கும் சொல் அது. பிறிது என்பதிலிருந்து மறுமுறை என்னும் பொருள் எவ்வாறு கிளைத்தது என்பதற்குத் தமிழ் 'மறு' நல்ல விளக்கம். 'மறுகரை', 'மறுநாள்' என்பவற்றில் அது பிறிதைக் குறிக்கிறது. 'மறுமணம்', 'மறுபடி' என்பவற்றில் மீட்டும் நிகழ்தலைக் குறிக்கிறது. வினையாகி 'மறுத்தான்' எனும்போது எதிர்ப்பைக் குறிக்கிறது. பிறிது, மீட்சி, எதிர் என்னும் மூன்றும் ஓரடியில் நிற்கின்றன.

'அகெய்ன்' என்பதன் வரலாற்றில் இம்மூன்றனுள் எதிரும் மீட்சியும் அவ்வாறே இணைந்திருத்தல் வியப்பைத் தருகிறது. பழைய ஆங்கிலத்தில் இது 'எதிரே', 'எதிராக', 'பின்னோக்கி' என்னும் பொருள்களையே தந்தது. 'மறுமுறை' என்பதற்கு அக்காலத்தில் வழங்கிய சொல் 'எஃப்ட்'. அஃது இன்று வழக்கிழந்தது. 'எதிராக' என்று பொருள்படும் 'அகெய்ன்ஸ்ட்' என்பது 'அகெய்ன்' என்பதிலிருந்தே ஈறுகள் பெற்றுப் பிரிந்தது. ஜெர்மானியத்திலும் 'மறுமுறை' என்னும் 'வீடர்', 'எதிராக' என்னும் 'வீடர்' ஆகிய இரண்டும் ஒரே சொல்லே. எழுத்தால் மட்டும் வேறுபடுத்துவர். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் வேலையாட்கள் எசமானர்க்கு 'ஆன்சர் அகெய்ன்' செய்யலாகாது என வருவது, இரண்டாம் முறை விடை கூறுதலைத் தடுப்பதன்று. எதிர்த்துப் பேசுதலைத் தடுப்பது. கடன் கொடுத்ததற்கு 'அகெய்ன்' ஒன்றும் எதிர்பாராதே என அதே நூலில் வருமிடத்தும் 'பதிலாக', 'கைம்மாறாக' என்பதே பொருள். இன்றைய பொருளைக் கொண்டு பழைய நூலைப் படிக்கும் மாணவர் இவ்விடங்களில் இடறுவர்.

பின்னோக்கி வருதல் என்பதிலிருந்து மறுமுறை நிகழ்தல் என்பதற்கு 'அகெய்ன்' நகர்ந்த பாதையில் இடைநிலை ஒன்று உண்டு. இன்றும் அது முற்றும் மறையவில்லை. 'ஷீ ஓப்பன்ட் த டோர் அகெய்ன்' என்னும் தொடருக்கு இரு பொருள் கொள்ளலாம். அவள் முன்னர் ஒருமுறை திறந்தாள், இப்போது இரண்டாம் முறை திறந்தாள் என்பது ஒன்று. கதவு முன்னர்த் திறந்திருந்தது, காற்றில் சாத்திக்கொண்டது, அவள் அதனைப் பழையபடி திறந்த நிலைக்குக் கொண்டுவந்தாள் என்பது மற்றொன்று. பின்னையதில் அவள் திறந்தது ஒருமுறையே. செயல் மீளவில்லை, நிலையே மீண்டது. டேவிட் டௌட்டி 1979இல் வெளியிட்ட நூலிலும், ஆர்னிம் ஃபான் ஸ்டெகோவ் ஜெர்மானிய 'வீடர்' பற்றி 1996இல் எழுதிய கட்டுரையிலும் இவ்விரு பொருண்மை விரிவாக ஆராயப்பட்டுள்ளது. வினையின் உள்ளே செய்தல், ஆதல் என இரு படிகள் இருப்பதாகவும், இவ்வடை எப்படியின்மேல் நிற்கிறதோ அதற்கேற்பப் பொருள் மாறுவதாகவும் ஸ்டெகோவ் விளக்கினார். 19ஆம் நூற்றாண்டு மடல்களின் ஆங்கிலத்தை இன்றைய ஆங்கிலத்தோடு ஒப்பிட்டு சிக்ரிட் பெக்கும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, நிலை மீட்சிப் பொருளில் 'அகெய்ன்' வருவது இடைக்காலத்தில் குறைந்துள்ளது எனக் காட்டுகிறது.

தமிழில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட வழியுண்டா? 'கடனைத் திருப்பிக் கொடுத்தான்', 'கடனை மறுபடியும் கொடுத்தான்' என்பவற்றின் வேறுபாடு எவர்க்கும் விளங்கும். முன்னையதில் பணம் தன் பழைய இடத்தை அடைகிறது. பின்னையதில் கொடுத்தற்செயல் இரண்டாம் முறை நிகழ்கிறது. முன்னதைப் பின்னதாகக் கொள்வோரைக் கடன் கொடுத்தவர் மன்னிக்கமாட்டார். ஆயினும் எல்லா வினைகளிலும் எல்லை இவ்வளவு தெளிவாக இல்லை. 'மறுபடியும்', 'மீண்டும்' என்பவை இரு பொருளுக்கும் இடம் தருகின்றன. 'மீண்டும்' என்பதன் அடி 'மீள்' ஆதலின் தொடக்கத்தில் அது நிலை மீட்சிக்கே உரியதாயிருந்து, 'அகெய்ன்' நடந்த வழியே நடந்து செயல் மீட்சியையும் ஏற்றிருக்கக் கூடும். பழந்தமிழின் 'பெயர்த்தும்' என்பதும், 'திரும்ப' என்பதும் இடப்பெயர்ச்சி வினைகளினடியாகப் பிறந்தமை இதற்கு அரணாகும். போன வழியே வருதல் எனும் காட்சியிலிருந்துதான் இம்மொழிகள் 'இரண்டாம் முறை' என்னும் கருத்தை எட்டியிருக்கின்றன.

'ரீ' முன்னொட்டு இவ்விரு பொருளில் நிலையின் பக்கமே பெரிதும் சாய்வது. இலத்தீனில் அதன் முதற்பொருள் 'பின்னோக்கி' என்பதே. ஆங்கிலத்தில் வீட்டை 'ரீபில்டு' செய்யலாம், உணவை 'ரீஹீட்' செய்யலாம். 'ஸ்லீப்', 'ஸ்மைல்' என்பவற்றோடு இம்முன்னொட்டு இயல்பாகச் சேராது. உறங்கினவன் மறுபடி உறங்கினால் 'அகெய்ன்' தான் வேண்டும். உறக்கத்தால் நிலை மாறும் செயப்படுபொருள் ஒன்று அங்கு இல்லாமையே காரணம். இடிந்த கோயிலை 'ரீபில்டு' செய்தவன் அதனை முதலில் கட்டியவனாக இருக்கவேண்டியதில்லை. நூறாண்டுக்கு முன் வேறொருவன் கட்டியிருக்கலாம். மீள்வது கோயிலே. 'ரீரைட்' என்பதற்கும் 'ரைட் அகெய்ன்' என்பதற்கும் உள்ள தொலைவு இதனினும் பெரிது. 'ரைட் அகெய்ன்' என்றால் இன்னொரு மடல் எழுது. 'ரீரைட்' என்றால் எழுதியதை மாற்றி எழுது. மாற்றாமல் நூறுமுறை எழுதுவது நம் பள்ளிகளில் 'இம்போசிஷன்' எனப்பட்டது. அதற்கு ஆங்கிலம் 'ரீ' வைத்த சொல்லைத் தேர்ந்தெடுக்காதது பொருத்தமே. எழுதுபவனிடமும் ஏட்டிலும் அதனால் எந்நிலையும் மாறுவதில்லை.

முன்னொட்டு உறைந்து பொருள் திரிந்த சொற்களும் உள. 'ரிக்கவர்' என்பது மீட்டல். 'ரீ-கவர்' என்பது உறையை மாற்றிப் போடுதல். 'ரிசைன்' என்பது பதவி துறத்தல். 'ரீ-சைன்' என்பது அதே ஒப்பந்தத்தில் மறுபடி கையொப்பமிட்டுத் தொடர்தல். ஒரு சிறு கோட்டை விட்டுவிட்டால் ஆட்டக்காரர் அணியில் இருக்கிறாரா, விலகிவிட்டாரா என்பதே மாறிவிடும்.

பிற சொற்களுள் மூன்று நான்கு சுவையானவை. 'ரிஹர்ஸ்' என்பது பழைய பிரெஞ்சில் நிலத்தை மறுபடி பரம்படித்தலைக் குறித்த சொல். உழவுக் கருவியின் பெயர் அதனுள் இருக்கிறது. நாடக மேடைக்கு வந்தபின் அச்சொல் முரணான ஒரு காலத்தைப் பெற்றது. முதல் அரங்கேற்றத்திற்கு முன்னரே நிகழும் 'மறுமுறை' அது. தமிழ் 'ஒத்திகை' மறுமுறை என்னும் கருத்தைத் தொடாமல் ஒத்துப் பார்த்தலை மட்டும் கூறி இம்முரணைத் தவிர்த்துவிட்டது. 'ரெப்ளிகேட்' என்பதன் அடி மடித்தல். தமிழும் 'இருமடங்கு' என மடித்தே எண்ணுகிறது. சொல் திரும்பிவரும் அணிக்கு 'மடக்கு' என்று பெயரிட்டதும் அவ்வுணர்வே. 'டிட்டோ' என்பது இத்தாலிய வட்டார வழக்கில் 'சொல்லப்பட்டது' என்னும் எச்சம். முன் சொன்ன மாதத்தின் பெயரைத் திரும்ப எழுதாமலிருக்கக் கணக்கர் கையாண்டது. அதற்கு நேரான 'மேற்படி' நம் ஆவண எழுத்தர் கையில் நெடுங்காலம் ஆட்சி செய்தது. ௸ எனத் தனிக்குறியே அதற்கு உண்டு. இன்று கணிப்பொறி எழுத்துத் தரத்திலும் அக்குறிக்கு இடம் கிடைத்துள்ளது. கூறியது கூறலைத் தவிர்க்கவென்றே ஒரு குறியைப் படைத்த மரபு என நாம் பெருமைப்படலாம்.

அரங்கில் பாட்டை மறுபடி பாடச் சொல்லும் கூக்குரல் வேறொரு வேடிக்கை. ஆங்கிலேயர் 'என்கோர்' என்று பிரெஞ்சுச் சொல்லைக் கூவுவர். பிரெஞ்சுக்காரர் அவ்விடத்தில் 'பிஸ்' என்று இலத்தீனில் கூவுவர். தமிழ் நாடக அரங்குகளில் 'ஒன்ஸ் மோர்' என்று ஆங்கிலம் ஒலித்தது. இன்னும் வேண்டும் என்னும் விருப்பத்திற்கு ஏனோ அயல்மொழியே கைகொடுக்கிறது. 'என்கோர்' என்பதற்குப் பிரெஞ்சில் 'இன்னும்' என்றும் 'மறுபடியும்' என்றும் பொருள் இருப்பது, 'இன்னும் ஒருமுறை' எனும் நம் வழக்கோடு ஒத்து நோக்கத்தக்கது.

அறிவியலில் 'இட்டரேஷன்' பெற்ற பொருள் இன்னும் தனியானது. இரண்டன் இருபடிமூலத்தைக் காண, 1 என்னும் எண்ணில் தொடங்கி, எண்ணையும் 2ஐ அவ்வெண்ணால் வகுத்த ஈவையும் கூட்டிப் பாதியாக்குக. 1.5 கிடைக்கும். அதற்கும் அதையே செய்க. 1.4167 கிடைக்கும். மறுபடி செய்தால் 1.4142 ஆகும். ஒவ்வொரு முறையும் வழிமுறை ஒன்றே. ஆயினும் முன் விளைவே அடுத்ததன் முதலாவதால் விடை மாறிக்கொண்டே செல்கிறது. செயல் மீள்கிறது, நிலை மீளவில்லை. கதவின் எடுத்துக்காட்டிற்கு இது நேர்மாறு. இதற்கு 'மறுசெய்கை' என எழுதுவோர் உளர். 'மறு' என்பதில் பிறிது என்னும் பொருளும் உறைவதால் அது தகுதியான சொல்லே. 'மீள்செய்கை' என்றால் பழைய நிலைக்குத் திரும்பும் குறிப்பு நுழைந்துவிடும்.

'மறு', 'மீள்' என்னும் இரண்டும் ஒன்றற்கொன்று பதிலியாகா என்பது இதனால் பெறப்படும். வழக்கும் இதனை ஓரளவு போற்றியே வருகிறது. 'மறுதேர்வு', 'மறுகூட்டல்', 'மறுவாக்குப்பதிவு' என்பவற்றில் செயல் இரண்டாம் முறை நிகழ்கிறது. விளைவு வேறாகலாம், வேறாகவேண்டும் என்றே விண்ணப்பிக்கின்றனர். 'மீட்பு', 'மீட்சி', 'மீட்டெடுத்தல்' என்பவற்றில் இழந்த நிலை திரும்ப வருகிறது. ஐயம் எழுவது, ஆங்கிலச் சொல் தானே இரு பொருளில் நிற்கும் இடங்களிலேயாம்.

அவ்வகையில் மிகவும் கருதத்தக்கது 'ரீசெட்டில்மெண்ட்'. ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஆணையர் அலுவலகம் அகதிகளுக்கு மூன்று நிலையான தீர்வுகளைக் கூறுகிறது. தாயகம் திரும்புதல், அடைக்கலம் தந்த நாட்டிலேயே கலந்து வாழ்தல், மூன்றாம் நாடொன்றில் குடியமர்தல் என்பன அவை. 'ரீசெட்டில்மெண்ட்' எனும் பெயர் மூன்றாவதற்கு மட்டுமே உரியது. அஃதாவது, தாயகம் திரும்புதலுக்கு மாறானது. இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் பெயரில் இடம்பெறும் 'ரீசெட்டில்மெண்ட்' என்பதும் அத்தகையதே. அணைக்கோ ஆலைக்கோ நிலம் இழந்தோரை வேறிடத்தில் அமர்த்துதலை அது குறிக்கிறது. நீரில் மூழ்கிய ஊருக்கு எவரும் மீள முடியாது. இலங்கை அரசின் ஆங்கில வழக்கிலோ அதே சொல் போரினால் இடம்பெயர்ந்தோர் தம் சொந்த ஊருக்குத் திரும்புதலைக் குறிக்க வந்தது. ஒரே முன்னொட்டு ஓரிடத்தில் செயல் மீட்சியாகவும் மற்றோரிடத்தில் நிலை மீட்சியாகவும் நிற்கிறது.

மூன்றிற்கும் தமிழில் 'மீள்குடியேற்றம்' என எழுதும்போதுதான் இடர் தோன்றுகிறது. ஆங்கிலச் சொல் இருபுறமும் சாயக்கூடியது. தமிழ்ச் சொல் அத்தகையதன்று. 'மீள்' என்றதும் கேட்பவர் மனத்தில் தம் வீடும் கிணறும் பனைவடலியும் தோன்றுகின்றன. 2012 செப்டம்பரில் வவுனியா மாவட்டத்து மெனிக் முகாம் மூடப்பட்டபோது, முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்பிலவு மக்கள் தம் ஊருக்குச் செல்ல இயலவில்லை. அவர்தம் நிலம் படையினர் வசம் இருந்தது. வேறோர் இடத்தில் அவர்கள் அமர்த்தப்பட்டனர். இதனையும் மீள்குடியேற்றத்தில் சேர்த்து எண்ணினால் ஆங்கிலத்தில் அது சொல்லின் நெகிழ்ச்சியைப் பயன்கொண்டதாகும். தமிழிலோ உண்மைக்கு மாறான கூற்றாகிவிடும். அம்மக்கள் 2017இல் நெடுநாள் அறவழிப் போராட்டம் நடத்திக் கேட்டது வீடு கட்டித் தருவதை அன்று, தம் நிலத்தை. உரோமானியக் குடிமகன் 'ரெபெட்டரே' என்னும் வினையால் கேட்டதும் அதையே.

ஆகவே கலைச்சொல் அமைப்போர் இவ்வோர் இடத்திலேனும் சொல்லைப் பிரித்து வைத்தல் வேண்டும். சொந்த இடத்திற்குத் திரும்புவோர்க்கு மட்டும் 'மீள்குடியேற்றம்' எனலாம். மூன்றாம் நாட்டிலோ புதிய ஊரிலோ அமர்த்தப்படுவோர்க்கு 'மாற்றிடக் குடியமர்வு' என்றோ, 'மறு' என்பதன் 'பிறிது' எனும் பொருள் தோன்ற 'மறுகுடியமர்வு' என்றோ வழங்கலாம். பின்னையது நாவிற்கு எளிது. ஆயின் 'மறுபடியும் அங்கேயே' எனும் மயக்கத்திற்கு அதிலும் இடமிருத்தலால், ஆவணங்களுக்கேனும் முன்னையதையே பரிந்துரைக்கலாம் என்பது என் கருத்து.